பதினாறடி ஜமுக்காளம்

எங்கள் வீட்டுக் கூடம் பதினாறடிக்குப் பதினோரடி. இதை நான் அளந்து தெரிந்துகொண்டதில்லை. வீடு கட்டின கொத்தனார் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். மனையடிக் கணக்கில் பதினாறு நல்ல எண், பதினொன்றும் நல்ல எண். பதினைந்து ஆகாது. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாய்ப்பாடுகூட முழுசாக நினைவில் இல்லை. ஆனால் இந்த இரண்டு எண்ணும் காலையில் திருநீறு பூசும்போது தானாக வாயில் வருகிற சாமி பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டன. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த கையோடு, "கூடம் பதினாறுக்குப் பதினொன்னு" என்று சொல்லிவிடுவேன். நான் கடையில் இருந்தால் என் வீட்டுக்காரி சொல்லுவாள்.

வீடு பழங்காநத்தத்தில். அப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்தான். நான் கடைவீதியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றுக்கொண்டிருந்தேன். மாட்டுக்காரர்கள் வருவார்கள், நிறுத்துக் கொடுப்பேன், சாயங்காலம் கோயிலுக்குப் போய் அம்மன் சந்நிதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். அவ்வளவுதான் என் நாள்.

எங்களுக்குப் பிறந்த முதல் பிள்ளை ஆண். ஐந்து மாதம் இருந்தான். அடுத்ததும் ஆண். பதினோரு நாள். மூன்றாவது இவள். இவள் பத்து மாதம் தாண்டியதே எங்களுக்குப் பெரிய காரியமாக இருந்தது. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் வீட்டுக்குள் ஓதம் ஏறியது. கூடத்துச் செங்கல் தரை காலையில் பார்த்தால் வேர்த்து நிற்கிற மாட்டின் முதுகு மாதிரி ஈரமாக இருக்கும். இவள் தவழ ஆரம்பித்ததும் அந்த மாதம்தான். இரண்டே நாளில் நெஞ்சில் சளி கட்டி இழுக்கத் தொடங்கிவிட்டது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, மருந்து பிறகு, முதலில் பிள்ளையைத் தரையில் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. ஒரு கையால் அரைப்பாள், ஒரு கையால் உலை வைப்பாள். பிள்ளை தரையைப் பார்த்துக் கையை நீட்டி அழும். கோரைப்பாய் இரண்டை விரித்துப் பார்த்தோம். பாய் எங்கே முடிகிறது என்று தேடிப்போய், அங்கே செங்கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். அவளுக்கு அந்தச் சில்லிப்பில் என்ன சுகமோ. கூடம் முழுக்க, சுவருக்குச் சுவர், ஓர் அங்குலம் தரை தெரியாமல் மூடினால்தான் உண்டு என்று ஆகிவிட்டது.

அதற்குத்தான் ஜமுக்காளம். கையிலிருந்த பணத்துக்கு அது கொஞ்சம் அதிகமான ஆசை. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டேதான் டவுனுக்குப் போனேன். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய ஜமுக்காளக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பாய், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். ஆனாலும் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அவருக்கு அண்ணன்தான்.

"எம்புட்டு நீளம் வேணும்ண்ணே?"

"பதினாறுக்குப் பதினொன்னு பாய்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பரணைக் காட்டி, ஆளை ஏறச் சொன்னார். தூசியோடு ஒரு பெரிய சுருள் இறங்கியது. நல்ல தடிமன். நீலமும் சிவப்புமாகப் பட்டை.

"ஒரு வக்கீல் வீட்டு மாடிக்குன்னு நெய்யச் சொன்னாக. நெய்ஞ்சு வந்தப்ப அவுக ஊர மாத்திக்கிட்டுப் போயிட்டாக. ரெண்டு வருசமா பரண்ல கெடக்கு. ஒரு மிதி மிதிக்கல, புத்தம் புதுசு. அதே பதினாறு, அதே பதினொன்னு. ஒங்களுக்குன்னே அல்லா வச்சிருந்திருக்கான்."

என் வீட்டு அளவு எனக்கு முன்னால் பரணிலிருந்து இறங்கி வந்தால் அது யார் செயல்? மனசுக்குள் ஆத்தா மீனாட்சி என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் விலை சொன்னபோது பதில் பேசவில்லை. விலை பேசும்போது பேசாமல் நிற்பது என்னிடம் புண்ணாக்கு வாங்க வருகிறவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பாய் விலையில் ஒருமுறை இறங்கினார், நான் ஜமுக்காளத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். இன்னொரு முறை இறங்கினார். முதலில் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

"ஆள அனுப்புறேன்ண்ணே. வந்து அளந்து, அடியில நார்ப்பாய் போட்டு, ஓரம் பிடிச்சு விரிச்சுக் குடுத்துருவான். கூலி கொஞ்சந்தான்."

"ஆளும் வேண்டாம், நார்ப்பாயும் வேண்டாம் பாய். அடியில போட எங்கிட்டயே சாக்கு இருக்கு. விரிக்கிறதுக்கு மச்சினன் இருக்காரு."

"அப்ப ஒரு கயித்தப் பிடிச்சாவது அளந்து பாத்துட்டு வந்து எடுங்க."

"குடியிருக்குற வீட்ட அளக்கலாமா பாய்?"

எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் உண்டு. வீடு கட்டும்போது அளப்பதோடு சரி. பால் காய்ச்சிக் குடிபோன பிறகு வீட்டை அளந்தால், விற்கப்போகிறோம் அல்லது பாகம் பிரிக்கப்போகிறோம் என்று வீட்டுக்கே சொல்வதாக ஆகும். பாய் தலையாட்டினார்.

"எங்கம்மாவும் அளக்க விடமாட்டாக. அவுக வெளியூரு போற அன்னைக்கு நான் அளந்துக்குவேன்." சிரித்துக்கொண்டே சுருளைக் கட்டினார். "சரி, ஒண்ணு சொல்லிர்றேன். எட்டு நாளைக்குள்ள எப்பக் கொண்டாந்தாலும் எடுத்துக்கிட்டுக் காச எண்ணி வச்சிர்றேன். ஆனா கத்தரி பட்டுச்சுன்னா அது ஒங்க சமுக்காளம்."

கத்தரி ஏன் படப்போகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மச்சினன் பரவையிலிருந்து வந்தார். என் வீட்டுக்காரிக்கு அண்ணன். சந்தைக்குக் கத்தரிக்காயும் கீரையும் போடுகிற விவசாயி. வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து ஜமுக்காளத்தை ஏற்றி வந்ததும் அவர்தான். அதற்கு முன்னாலேயே நான் காலிச் சாக்குகளைக் கண்மாய்த் தண்ணீரில் அலசிக் காயப்போட்டு, கோணி ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து வைத்திருந்தேன். நாலு ராத்திரி அந்த வேலை. வெறும் தரையில் வேப்பிலையைத் தூவி, மேலே சாக்கு, அதற்கு மேலே ஜமுக்காளம். வளர்பிறை வியாழக்கிழமை பார்த்து ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

கிழக்குச் சுவரில் ஓரத்தை ஒட்ட வைத்து, உருட்டிக்கொண்டே மேற்கே போனோம். அகலம் அச்சாகப் பொருந்தியது. நீளம் மேற்குச் சுவரைத் தொட்ட பிறகும் சுருளில் மிச்சம் இருந்தது.

"மாப்ள, சமுக்காளம் செவத்துல ஏறுதே," என்றார் மச்சினன்.

"கெழக்க தள்ளிக் கெடக்கும், இழுங்க."

இழுத்தோம். கிழக்கில் சரியாகத்தான் இருந்தது. திருப்பிப்போட்டோம். அப்போதும் மேற்கே ஒரு சாண் நிமிர்ந்து நின்றது. மிதித்தால் நடுவில் முதுகு தூக்கியது. நடுவை மிதித்தால் ஓரம் தூக்கியது.

"பாய் ஏமாத்திட்டாரு போல. நீளமாக் குடுத்துட்டாரு," என்றேன்.

"ஒரு சாண் கூடப் போட்டு ஏமாத்துற வியாபாரி மதுரையில இருந்தா எனக்கும் கொஞ்சம் காட்டுங்க மாப்ள, நானும் அவர்ட்டயே ஏமாறுறேன்." சொல்லிவிட்டு அவர் வெளியே போய், பக்கத்துத் தெருத் தச்சரிடம் அடிக்கோலை வாங்கிவந்தார். ஜமுக்காளத்தின் மேலேயே கோலை வைத்து வைத்து நகர்ந்தார். பதினாறு. பாய் நேர்மையாகத்தான் கொடுத்திருந்தார்.

"தரைய அளங்க," என்றாள் என் வீட்டுக்காரி.

"வேண்டாம்."

"அண்ணே, நீ அள."

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. மச்சினன் ஜமுக்காளத்தை மடித்துத் தள்ளிவிட்டுச் சுவரோரமாகக் கோலை வைத்துப் போனார். போய்ச் சேர்ந்து, திரும்ப வந்து, இன்னொரு தடவை போனார். பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"பதினஞ்சே கால்."

அவள் அழவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"அப்பப் பதினஞ்சு."

"பதினஞ்சே கால்," என்றேன் நான்.

"கால் அடிய யாரு பாக்கப்போறா."

மச்சினன் சமாதானமாக, "ஒரு சாண் வெட்டிட்டாத் தீந்துச்சு. இதுக்குப் போயி எதுக்கு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு," என்றார்.

"சமுக்காளத்த வெட்டுனா வீடு பதினாறாயிருமா?" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ரெண்டையும் இந்தக் கூடத்துலதான போட்டு வச்சிருந்தோம்?"

இரண்டு பிள்ளைகளையும் வேறு எங்கே போட்டு வைப்பது? எங்களுக்கு இருப்பதே ஒரு கூடம்.

அன்று சாயங்காலமே அண்ணன் வண்டியில் பிள்ளையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. "சமுக்காளத்தப் பாய்ட்டத் திருப்பிக் குடுத்துருங்க. விக்கிற வீட்டுக்கு எதுக்குச் சமுக்காளம். நல்ல அளவா ஒண்ணு பாருங்க, ஓலை வீடானாலும் வாரேன். இதுக்குள்ள இவளக் கொண்டுக்கிட்டு வரமாட்டேன்," என்றாள். வண்டி போன பிறகு நான் பாதி மடித்துக் கிடந்த ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்தேன்.

இந்த வீட்டை விற்று இன்னொன்று வாங்க என்னால் ஆகாது. அது ஒன்று. ஆனால் அவள் சொல்வது சரியாக இருந்தால், ஆகாது என்று சொல்லிக்கொண்டு எப்படி இருப்பது? இரண்டு போயிற்று. மூன்றாவதற்கு நெஞ்சு இழுக்கிறது. பதினைந்து ஆகாது என்று தெரிந்து பதினைந்தில் பிள்ளையை வைத்திருக்கிற தகப்பன் யார்? பதினாறு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது நடந்ததற்கெல்லாம் விதி என்று சொல்லி மனசை ஆற்றியிருந்தேன். இப்போது அந்த ஆறுதலும் இல்லை. அப்புறம் அந்த ஜமுக்காளம். சாமி கொடுத்தது என்று நம்பித்தானே எடுத்து வந்தேன். சாமிக்குத் தெரியாதா என் வீடு எத்தனை அடி என்று? சாமியும் கொத்தனார் பேச்சை நம்பிவிட்டாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

மறுநாள் கடையைத் திறக்காமல் கொத்தனாரைத் தேடிப்போனேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு களத்துக்குச் சுற்றுச்சுவர் எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மேலூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். யானைமலையை எதிரே வைத்துக்கொண்டு, சாரத்தில் உட்கார்ந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பழங்காநத்தம், புண்ணாக்குக் கடை என்று சொன்ன பிறகு இறங்கி வந்தார்.

"கூடம் பதினாறுன்னு சொன்னீக. பதினஞ்சே காலு இருக்கு," என்றேன். கோபமாகச் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். அங்கே போனதும் அழுவது மாதிரிதான் வந்தது.

"பதினஞ்சே காலா? நான் அப்பிடி விடமாட்டேனே." கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "மாடத்துக்குள்ள வச்சு அளந்தீகளா?"

"எந்த மாடம்?"

"மேக்குச் செவத்துலண்ணே. தரையோட தரையா, சாமிக்குன்னு ஒரு மாடம் எடுத்தேனே. பின்னாடி வயக்காரரு செவரத் தள்ளிவைக்க விடல. எடம் ஒரு சாண் கொறஞ்சு போச்சு. நீங்க பதினாறு வேணும்னு ஒத்தக் கால்ல நின்டீக. அதான் செவத்துக்குள்ள ஒரு சாண் குடைஞ்சு மாடமா விட்டேன். அதுக்குள்ள கோல வச்சுப் பிடிச்சாப் பதினாறு அச்சா இருக்கும்."

எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த மாடத்தில் சாமி படங்களை வைத்து விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு மழைக்காலத்தில் கடைக் கூரை ஒழுகியதால் புண்ணாக்கு மூட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தச் சுவரோரமாக அடுக்கினேன். சாமிமேல் தூசி படக்கூடாது என்று படங்களை அடுப்படிப் பக்கத்துப் பலகைக்கு மாற்றினேன். காலி மாடத்தில் எலி கூடு வைத்தது. கொத்தனாரைக் கூப்பிட்டால் கூலி கொடுக்கவேண்டுமே என்று நானே நாலு செங்கல்லை வைத்து, மண்ணைக் குழைத்துப் பூசி அடைத்தேன். மேலே சுண்ணாம்பும் அடித்தேன். பிறகு அந்த மாடம் இருந்ததையே மறந்துபோனேன்.

"அத நான் அடைச்சிட்டேன்," என்றேன்.

"அடைச்சாச்சா." அவர் கையிலிருந்த கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாடத்தையும் சேத்து எண்ணுறது ஞாயமா? அது ஏமாத்துத்தான?"

"சாமி ஒக்காந்திருக்க எடம் வீட்டுல சேத்தியா, இல்லையா? நீங்களே சொல்லுங்கண்ணே."

"அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒங்களுக்கு ஒறக்கம் வந்திருக்குமா?"

அவர் ஏமாற்றினாரா, உபகாரம் செய்தாரா என்று தெரியவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த காப்பித் தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு கேள்விதான் மண்டைக்குள் உருண்டது. நான் மாடத்தை அடைத்தது எப்போது? அது எந்த மழை? பெரியவன் பிறப்பதற்கு முந்தியா, அவன் போன பிறகா? முந்தி என்றால், சாமியை எழுப்பிவிட்டு வீட்டைப் பதினைந்தாக்கி அதில் என் பிள்ளையைக் கிடத்தியவன் நான். பிறகு என்றால், வீடு பதினாறாக இருக்கும்போதே அவன் போயிருக்கிறான், மாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அல்லது இரண்டு பிள்ளைக்கும் நடுவிலா? மூட்டை அடுக்கியது நினைவிருக்கிறது. எலி நினைவிருக்கிறது. செங்கல்லை ஈரக்கையோடு வைத்தது நினைவிருக்கிறது. அப்போது வீட்டில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு யோசித்தேன். ஒரு சமயம் கேட்டது மாதிரி இருக்கும். ஒரு சமயம் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தேன். நான் பூசின மண் சுலபமாக உதிர்ந்தது. செங்கல் நாலும் கையோடு வந்தன. உள்ளே எலிப் புழுக்கையும் பழைய திரித் துண்டும் கிடந்தன. மாடத்தின் மேற்கூரையில் விளக்குக் கரி படிந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன், கறுப்பாக ஒட்டியது. எத்தனை மாதம் விளக்கு எரிந்தால் இவ்வளவு கரி படியும்? அடுப்படிப் பலகைக்கு மேலே போய் இன்னொரு விரலால் தேய்த்துப் பார்த்தேன். அங்கே பெரியவன் பிறப்பதற்கு முந்தியிருந்து எட்டு வருஷத்துக் கரியா, அவன் போன பிறகு ஆறு வருஷத்துக் கரியா என்பதுதானே கேள்வி. கருமையை நிறுக்க எந்தத் தராசு இருக்கிறது. இரண்டு விரலும் ஒரே மாதிரிதான் கறுத்திருந்தன.

மாடத்தைக் கழுவி, மஞ்சள் தெளித்துவிட்டு, பரவைக்குப் போனேன். சந்தை கலைகிற நேரம். என் வீட்டுக்காரி அண்ணன் வீட்டு முற்றத்தில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் தூங்கியது. மூச்சு இன்னும் லேசாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது. எதையும் மறைக்கவில்லை. கொத்தனார் சொன்னது, நான் அடைத்தது, உடைத்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப அடைச்சீக?" என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியும், அதைத்தான் கேட்பாள் என்று.

"தெரியல."

"தெரியலன்னா?"

"நெசமாவே தெரியல. பஸ்ஸுல யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஒனக்கு நெனவிருக்கா?"

அவள் கீரையிலிருந்து ஒரு தண்டை எடுத்து ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியவன் வெளக்கப் பாத்துச் சிரிப்பான்," என்றாள். "சாயங்காலம் வெளக்கேத்துனதும் தலையத் திருப்பிப் பாப்பான். பாத்துச் சிரிப்பான்."

"எந்த வெளக்கு? கீழ மாடத்து வெளக்கா, பலகைமேல இருந்ததா?"

"அதத்தான் யோசிக்கிறேன்." கண்ணை மூடினாள். "அவன் சிரிப்புத் தெரியுது. வெளக்குத் தெரியல."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மச்சினன் வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, உள்ளே போனார். உள்ளேயிருந்து, "மாப்ளக்கு யாராச்சும் சோறு போட்டீகளா?" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது என் வீட்டுக்காரி செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல," என்றாள். "தெரியாத ஒண்ணுக்காக வீட்ட விப்பாகளா? மாடத்தத் தெறந்துட்டீகள்ல?"

"தெறந்துட்டேன்."

"சாமியத் திரும்ப எறக்கி வைக்கணும். நான் வாரேன்."

எனக்கு அப்போதும் முழுசாக நிம்மதி வரவில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாளா, மன்னிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மறுநாள் மச்சினனும் நானும் ஜமுக்காளத்தை மறுபடியும் விரித்தோம். கத்தரியை எடுக்கக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். மாடத்துக்கு நேராக வந்த பாகத்தைப் பூனை தலையை நுழைப்பது மாதிரி உள்ளே விட்டோம். பின்சுவரைத் தொட்டு நின்றது, ஒரு விரல்கூட மிச்சமில்லை. ஆனால் மாடம் இரண்டடி அகலம்தான். மற்ற இடத்தில் அந்த ஒரு சாணை அடியில் மடித்துத்தான் விடவேண்டியிருந்தது. அதனால் மேற்குச் சுவரோரம் ஒரு வரப்பு மாதிரி மேடு. அந்த மேட்டில் தடுக்காத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை.

நாலாம் நாள் எறும்பு வந்தது. கண்மாயில் எத்தனை அலசினாலும் சாக்கில் புண்ணாக்கு வாசம் போகவில்லை போலிருக்கிறது. கிழக்குச் சுவரிலிருந்து சாரை சாரையாக ஜமுக்காளத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன. மச்சினன் சிரித்த சிரிப்பு அடங்கவே கால் நாழிகை ஆனது.

"கூலி மிச்சம், நார்ப்பாய் மிச்சம். எறும்புக்கும் சேத்துல மாப்ள சமுக்காளம் விரிச்சிருக்காரு."

எல்லாவற்றையும் எடுத்து, சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, பாய் கடையிலிருந்து நார்ப்பாய் வாங்கி அடியில் போட்டோம். இந்தத் தடவை பாய் விலையைக் குறைக்கவில்லை. நான் எத்தனை நேரம் பேசாமல் நின்றாலும் அவரும் பேசாமல் நின்றார்.

அன்றைக்குத்தான் பிள்ளையை முதல் தடவையாக ஜமுக்காளத்தில் இறக்கி விட்டோம். அவள் கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஓரம் எங்கே என்று தேடினாள். கிடைக்கவில்லை. பிறகு நேராக மேற்கே தவழ்ந்து, மடிப்பு மேட்டில் ஏறி இறங்கி, மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் என் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்பிடித்தான்," என்றாள்.

இதே விளக்கா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் எந்த விளக்கைப் பார்த்தாலும் சிரிக்கத்தானே செய்யும்.

இப்போது பிள்ளைக்கு ஒன்பது வயது. இழுப்பு அந்தத் தை மாதத்திலேயே குறைந்து, அடுத்த வருஷம் நின்றுவிட்டது. ஜமுக்காளத்தால் நின்றது என்று வைத்தியர் சொன்னார். மாடம் திறந்ததால் என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள். மழை விட்டதால் என்று மச்சினன். நான் தினமும் அந்த மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து திருநீறு பூசும்போது ஒவ்வொரு நாள் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. சில நாள் மூன்றும் தோன்றும். எந்த மழையில் அடைத்தேன் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. சாமியிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் நானாகக் கூடத்து அளவைச் சொல்வதை விட்டுவிட்டேன். யாராவது ஜமுக்காளத்தைப் பார்த்துவிட்டு, "கூடம் எத்தன அடிண்ணே?" என்று கேட்டால் எனக்கு வாய் உடனே வருவதில்லை. மடிப்பு மேட்டைப் பார்ப்பேன், மாடத்தைப் பார்ப்பேன்.

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி சத்தம் வரும். "பதினாறுன்னு சொல்லுங்க."